ஊனத்தை அளத்தல்: உலக அளவுகோல்களும் காஞ்சிபுரத் தறியும்

ஊன அளவீடு என்பது ஒரு நாட்டில் எத்தனை பேர் ஊனத்துடன் வாழ்கிறார்கள், அந்த ஊனம் எவ்வளவு கடுமையானது என்பவற்றை எண்ணால் சொல்லும் முயற்சியாகும். அரசின் நிதி ஒதுக்கீடு, இடஒதுக்கீடு, உதவித்தொகை, பேருந்துச் சலுகை எனப் பலவும் இந்த எண்களைச் சார்ந்தே அமைகின்றன. ஆனால் எண்ணுவதற்கு முன்பு எதை எண்ணுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவு ஜெனீவாவில் ஒருவிதமாகவும், மருத்துவச் சான்றிதழ் வழங்கும் அறையில் ஒருவிதமாகவும், காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் ஒருவிதமாகவும் எடுக்கப்படுகிறது. இக்கட்டுரை பன்னாட்டு அளவுகோல்களையும் இந்தியச் சட்ட வரையறைகளையும் ஊர் வழக்கில் உள்ள வரையறைகளையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் யாரைக் காண்கிறது, யாரைக் காணத் தவறுகிறது என்பதை ஆராய்கிறது.

இக்கட்டுரையில் நிலையைக் குறிக்க 'ஊனம்' என்ற சொல்லும், மனிதரைக் குறிக்க 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லும் பயன்படுத்தப்படுகின்றன.

பன்னாட்டு அளவுகோல்கள்

உலக சுகாதார நிறுவனம் 1980-இல் வெளியிட்ட வகைப்பாடு ஊனத்தை மூன்று படிகளாகப் பிரித்தது. உறுப்பில் ஏற்படும் பழுது முதற்படி. அதனால் செயலில் ஏற்படும் இயலாமை இரண்டாம் படி. அதனால் சமூக வாழ்வில் ஏற்படும் பின்னடைவு மூன்றாம் படி. ஒன்றிலிருந்து மற்றொன்று தானாகவே பிறக்கிறது என்பது போன்ற தோற்றத்தை இந்த வரிசை தந்ததால், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. படிக்கட்டு மட்டுமே உள்ள பள்ளிக்குள் ஒரு குழந்தை நுழைய முடியாமல் போவதற்குக் காரணம் குழந்தையின் காலா, பள்ளியின் படிக்கட்டா என்பதே அவர்களது கேள்வி.

2001 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட புதிய வகைப்பாடு இந்தக் கேள்விக்கு இடமளித்தது. உடலின் அமைப்பும் இயக்கமும், செயல்களும் பங்கேற்பும், சூழல் காரணிகள், தனிநபர் காரணிகள் ஆகியவை ஒன்றோடொன்று ஊடாடுவதன் விளைவே ஊனம் என்று அது விளக்கியது. 2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் இதே பார்வையைக் கொண்டது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 2007 அக்டோபர் 1 அன்று உறுதி செய்தது.

இந்தக் கருத்தாக்கத்தை எண்ணாக மாற்றும் கருவிகளில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-இல் அமைந்த வாஷிங்டன் குழு உருவாக்கிய குறுவினாத் தொகுப்பு. இதில் ஆறே கேள்விகள் உள்ளன. பார்த்தல், கேட்டல், நடத்தல் அல்லது படியேறுதல், நினைவில் வைத்தல் அல்லது கவனம் செலுத்துதல், குளித்தல் உடுத்தல் போன்ற தன்பராமரிப்பு, பிறருடன் கருத்துப் பரிமாறுதல் ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று அது கேட்கிறது. சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், அறவே முடியாது என நான்கு விடைகள் உண்டு. ஏதேனும் ஒன்றிலாவது மிகுந்த சிரமம் அல்லது அதற்கு மேல் எனச் சொல்பவர் ஊனத்துடன் வாழ்பவராக எண்ணப்படுகிறார். ஊனம் என்ற சொல்லே கேள்வியில் வராது. அச்சொல்லைக் கேட்டால் மக்கள் கூச்சத்தால் மறைப்பார்கள் என்பதால் அது வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டது.

மற்றொன்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஊன மதிப்பீட்டு அட்டவணை 2.0. இதில் 36 கேள்விகள் கொண்ட முழு வடிவமும் 12 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் உள்ளன. கடந்த 30 நாள்களில் ஒருவருக்கு அறிதல், நடமாட்டம், தன்பராமரிப்பு, பிறருடன் பழகுதல், வீட்டு வேலையும் தொழிலும், சமூகப் பங்கேற்பு ஆகிய ஆறு தளங்களில் எவ்வளவு சிரமம் இருந்தது என்பதை இது மதிப்பெண்ணாக்குகிறது.

இந்தியச் சட்டமும் கணக்கெடுப்பும்

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களை ஏற்றது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைகளாக விரித்தது. இச்சட்டத்துக்குள் இரண்டு தத்துவங்கள் அருகருகே குடியிருக்கின்றன. மாற்றுத்திறனாளி யார் என்று வரையறுக்கும் பிரிவு, நீண்டகாலக் குறைபாடு தடைகளோடு ஊடாடும்போது சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க இயலாமல் போகும் நிலையைச் சொல்கிறது. இது உடன்படிக்கையின் மொழி. ஆனால் வேலைவாய்ப்பில் 4 விழுக்காடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு என்ற இடஒதுக்கீட்டைப் பெறுவதற்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் இருப்பதாக மருத்துவ அதிகாரி சான்றளிக்க வேண்டும். அந்த 40 விழுக்காடு, மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு உள்ளது, கண் எத்தனை மீட்டரில் எந்த எழுத்தைப் படிக்கிறது என்ற அளவுகளிலிருந்தே பெரும்பாலும் பெறப்படுகிறது. தடைகள் அந்தக் கணக்கில் நுழைவதில்லை. ஒரே சட்டத்தின் வரையறைப் பக்கம் சமூகத்தைப் பார்க்கிறது; சான்றிதழ்ப் பக்கம் உறுப்பைப் பார்க்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை மூன்றாவது வகை. 2001 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.19 கோடிப் பேர் (2.13 விழுக்காடு), 2011 கணக்கெடுப்பின்படி 2.68 கோடிப் பேர் (2.21 விழுக்காடு) மாற்றுத்திறனாளிகள். 2018-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆவது சுற்றும் 2.2 விழுக்காடு என்றது. ஆனால் உலக மக்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர், அதாவது 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க ஊனத்துடன் வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 மதிப்பீடு. இவ்வேறுபாட்டை வைத்து இந்தியர்கள் உலகத்தாரை விட ஏழெட்டு மடங்கு உறுப்பு நலம் வாய்ந்தவர்கள் என்று முடிவுகட்ட முடியாது. இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு பொருள்களை எண்ணியவை.

பத்தாண்டில் மறைந்த எட்டு லட்சம் பேர்

வரையறை எண்ணை எப்படி ஆள்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இந்திய அளவில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை உயர்ந்த அதே பத்தாண்டில் தமிழ்நாட்டில் அது 16,42,497-இலிருந்து 11,79,963-ஆகக் குறைந்தது. விழுக்காட்டில் 2.63 என்பது 1.64 ஆயிற்று.

வகைவாரியாகப் பார்த்தால் விந்தை கூடுகிறது. 2001-இல் பார்வைக் குறைபாடு உடையோர் 9,64,063 பேர். மாநிலத்தின் மொத்த மாற்றுத்திறனாளிகளில் பாதிக்கும் மேல் அவர்களே. 2011-இல் அவர்கள் 1,27,405 பேர். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டார்கள். மறுபக்கம், கேட்டல் குறைபாடு உடையோர் 72,636-இலிருந்து 2,20,241-ஆக மூன்று மடங்காயினர். பார்வையை நீக்கிவிட்டு மற்ற வகைகளை மட்டும் கூட்டினால் எண்ணிக்கை ஏறத்தாழ 6.78 லட்சத்திலிருந்து 10.53 லட்சமாக உயர்ந்திருக்கிறது. 2011-இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட 'பிற' என்ற வகையில் மட்டும் 2,38,392 பேர் பதிவாயினர்.

பத்தாண்டில் கண் மருத்துவம் எவ்வளவு வளர்ந்திருந்தாலும் இத்தகைய சரிவை அது தனியாக விளக்காது. காது மருத்துவம் அதே பத்தாண்டில் மூன்று மடங்கு மோசமாகிவிடவும் இல்லை. மாறியவற்றுள் வரையறையும் ஒன்று. ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரை 2001 கணக்கெடுப்பு பார்வைக் குறைபாடு உடையவராகக் கொண்டது. 2011 கணக்கெடுப்பு அவரை விலக்கியது. காதுக்கருவி அணிந்து கேட்பவரை 2001 விலக்கியது. 2011 சேர்த்தது. கண்ணுக்கு வாசல் குறுகியது, காதுக்கு வாசல் விரிந்தது. இரு ஆண்டுகளின் எண்களை அடுத்தடுத்து வைத்து 'தமிழ்நாட்டில் ஊனம் குறைந்தது' என்று எழுதுவது, இரு வேறு படிகளால் அளந்த நெல்லை ஒப்பிட்டு விளைச்சல் குறைந்தது என்று சொல்வதைப் போன்றது.

ஊர் வழக்கில் ஊனம்

ஊனத்தை வகைப்படுத்தும் வேலையைத் தமிழர்கள் ஐரோப்பியர் வந்த பின்னர்த்தான் கற்றார்கள் என்பதில்லை. புறநானூற்றின் 28-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறும்போது, பார்வையின்மை, உருவற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்கு போன்ற தன்மை, மருள் என எட்டு வகைகளை அடுக்குகிறார். அவர் இவற்றுக்கு இடும் பொதுப்பெயர் 'எச்சம்'. மக்கட் பிறவியின் பயனை அடைய இயலாதவை என்ற மதிப்பீடும் அந்தப் பட்டியலோடு சேர்ந்தே வருகிறது. 'ஊனம்' என்ற வடமொழி வேர்ச்சொல்லும் குறை என்றே பொருள்படும். தமிழ்நாடு அரசு 2010-இல் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தபோது, குறையைச் சொல்லும் பெயரை விட்டுத் திறனைச் சொல்லும் பெயருக்கு மாறியது.

காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய இரு சமய மரபுக் கதைகள் வேறு இரு வரையறைகளைத் தருகின்றன. பெரியபுராணத்தின்படி, சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிய சுந்தரர் திருவொற்றியூர் எல்லையில் பார்வையை இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணையும் திருவாரூரில் வலக்கண்ணையும் திரும்பப் பெற்றார். காஞ்சிக்கும் திருவாரூருக்கும் இடையே அவர் ஒரு கண்ணர். 2001 கணக்கெடுப்பு அவரைப் பட்டியலில் சேர்த்திருக்கும். 2011 கணக்கெடுப்பு நீக்கியிருக்கும். மரபோ ஒரு கண் கிடைத்ததை முழுமையாகக் கொள்ளவில்லை. மற்றொரு கண்ணுக்காகவும் அவர் முறையிட்டார் என்றே கதை செல்கிறது.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தைச் சேர்ந்த கூரத்தாழ்வான் இராமானுசருக்காகக் கண்களை இழந்தவர் என்பது வைணவ மரபு. அவர் பின்னர் வரதராசப் பெருமாள் மீது தோத்திரம் பாடினார். மரபு அவரைக் குறையுடையவராக நினைவுகூரவில்லை, ஆசாரியராகவே நினைவுகூர்கிறது. முதற்கதையில் பார்வையிழப்பு தவறின் விளைவு, நீங்க வேண்டிய ஒன்று. இரண்டாவதில் அது தகுதியைக் குறைக்காத ஒன்று. 'தமிழ்ப் பண்பாட்டின் ஊனக் கருத்து' என ஒருமையில் பேசுவது பொருந்தாது என்பதற்கு ஒரே ஊரின் இவ்விரு கதைகளே போதும்.

தறிக்குழியில் அளவுகோல்

அன்றாட வாழ்வில் ஊனத்தை வரையறுப்பது புராணமும் அல்ல, சட்டமும் அல்ல, தொழிலே. காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலை குழித்தறியில் நெய்யப்படுகிறது. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிக்கிறார். கைகள் நாடாவை எறிந்து பலகையை அடிக்கின்றன. கண் பாவின் நுண்ணிழைகளை ஒரு முழத் தொலைவிலிருந்து இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அறுந்த இழையை விரல்நுனி தேடிப் பிணைக்கிறது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். மறுபுறமிருந்து நாடா எறிய இன்னொருவரும் வேண்டும். கூலி நாளுக்கு அன்று, சேலைக்கு.

இத்தொழிலில் யார் இயலாதவர் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, மேற்கண்ட எந்த அளவுகோலின் விடையோடும் முழுமையாகப் பொருந்துவதில்லை. நான்கு நெசவாளர்களை எண்ணிப் பார்க்கலாம்.

முதலாமவர் பிறவியிலேயே காது கேளாதவர். சட்டம், கணக்கெடுப்பு, வாஷிங்டன் குழு ஆகிய மூன்றும் அவரை மாற்றுத்திறனாளியாக ஏற்கும். தறியில் அவருக்கு எந்தக் குறைவும் இல்லை. ஆனால் கூலி பேசும் இடத்திலும் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்திலும் அவர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார். அவரது ஊனம் தறிக்கு வெளியே தொடங்குகிறது.

இரண்டாமவர் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் விளங்காதவர். மிதிக்க இயலாததால் குழித்தறி அவருக்கு மூடிய கதவு. தார் சுற்றுதல், சரிகை பிரித்தல் போன்ற துணை வேலைகளுக்கு அவர் செல்கிறார். அவரது கையில் குறையே இல்லை. இருப்பினும் நெசவாளராகும் வாய்ப்பை இழக்கிறார். மிதியைக் கையாலோ மின்விசையாலோ இயக்கும் அமைப்பு இருந்தால் அவரது ஊனத்தின் அளவு மாறிவிடும். சான்றிதழில் உள்ள விழுக்காடு அப்போதும் மாறாது.

மூன்றாமவர் 45 வயதைக் கடந்தவர். வெள்ளெழுத்து வந்துவிட்டது. தெருவில் வருபவரை அடையாளம் காண்கிறார், பேருந்தின் எண்ணைப் படிக்கிறார். பாவின் இழை மட்டும் தெளியவில்லை. 2011 கணக்கெடுப்பின் எளிய சோதனை, நல்ல வெளிச்சத்தில் பத்தடித் தொலைவிலுள்ள கைவிரல்களை எண்ண முடிகிறதா என்பது. அதில் அவர் தேறிவிடுவார். சட்டம் பார்வைக் குறைபாட்டைத் தொலைப்பார்வையின் அளவிலும் பார்வைப் புலத்தின் அகலத்திலும் வரையறுக்கிறது. அங்கும் அவருக்கு இடமில்லை. கண்ணாடி அணிந்திருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா என்று வாஷிங்டன் குழு கேட்டால் 'கொஞ்சம்' என்பார். அந்த விடை வெட்டுக்கோட்டுக்குக் கீழே விழும். ஆனால் அவர் நெய்யும் சேலையில் பிழை கூடுகிறது, நாள் கூடுகிறது, மாத வருமானம் குறைகிறது. ஊர் வழக்கில் அவர் 'கண் போனவர்', இனித் தறிக்கு ஆகாதவர். எழுத்து மங்குவதைக் கொண்டே இந்நிலைக்கு வெள்ளெழுத்து என்று பெயரிட்ட மொழியில், இதை எண்ணும் படிவம் மட்டும் இல்லை.

நான்காமவரின் விரல்நுனிகள் மரத்துப்போயிருக்கின்றன. வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளில் கை பற்றிய கேள்வியே இல்லை. பொத்தான், பென்சில் போன்ற சிறு பொருள்களை விரலால் எடுக்க முடிகிறதா என்ற கேள்வி அதன் விரிவான தொகுப்பில்தான் வருகிறது. கைத்தொழிலால் வாழும் ஊருக்குக் குறுந்தொகுப்பை மட்டும் எடுத்துச் செல்வது, கையை வெளியே விட்டுவிட்டு உடலை அளப்பதாகும். சான்றிதழ் முறை இவ்விடத்தில் ஒரு படி மேல். கையின் பிடிப்பு, உணர்வு, வலு ஆகிய மூன்றுக்கும் அது தனித்தனி மதிப்பளிக்கிறது. ஆனால் அந்த மதிப்பு எழுத்தருக்கும் நெசவாளருக்கும் ஒன்றே.

இங்கே உலக சுகாதார நிறுவன அட்டவணையின் 36 கேள்வி வடிவம் தறிக்கு மிக அருகே வருகிறது. வேலையைத் தேவையான வேகத்தில் முடிக்க முடிந்ததா, உடல்நிலையால் வருமானம் குறைந்ததா என்று அது நேரடியாகவே கேட்கிறது. வெள்ளெழுத்து வந்த நெசவாளரை அடையாளம் காணக்கூடிய பன்னாட்டுக் கருவி இதுவே. எனினும் அதன் 30 நாள் கணக்கு இன்னொரு சிக்கலைத் தருகிறது. குழித்தறியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நீர் ஊறி வேலை நின்றுபோகும். முகூர்த்த மாதங்களை ஒட்டி வேலை நெருக்கும். ஐப்பசியில் கேட்டால் ஒரு மதிப்பெண்ணும் தை மாதத்தில் கேட்டால் வேறொரு மதிப்பெண்ணும் வரலாம். மாறியது உடல் ஆகாது, பருவமே.

படிகளும் திருவிழாவும்

வாஷிங்டன் குழுவின் நடத்தல் கேள்வி படியேறுவதையும் சேர்த்துக் கேட்கிறது. வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவரைக் காண அத்திகிரி எனப்படும் மேட்டின் மீது படியேறியே செல்ல வேண்டும். முழங்கால் தேய்ந்த ஒரு முதியவர் வீட்டில் எந்தச் சிரமமும் இல்லை என்று சொல்லலாம். படிகளைப் பற்றிக் கேட்டால் முடியாது எனலாம். கேள்வி எந்தப் படியை மனத்தில் கொண்டு கேட்கப்படுகிறது, விடை எந்தப் படியை நினைத்துச் சொல்லப்படுகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

உலக சுகாதார நிறுவன அட்டவணை, மற்றவர்களைப் போலவே திருவிழாக்களிலும் சமய நிகழ்வுகளிலும் கலந்துகொள்ள முடிந்ததா என்றும் கேட்கிறது. கோயில் நகருக்கு இது வெறும் ஓய்வுநேரக் கேள்வி அன்று. வைகாசிக் கருட சேவையன்று தெருவே கூடியிருக்கும்போது வீட்டுக்குள் இருக்க நேர்வதை ஊர் மக்கள் பெரிய இழப்பாகவே கருதுவார்கள். ஆனால் கலந்துகொள்ளாததற்குக் காரணம் உடலா, கூட்டமா, வண்டி இல்லாமையா, 'உனக்கு எதற்கு இந்தச் சிரமம்' என்று தடுக்கும் வீட்டாரா என்பதை மதிப்பெண் பிரித்துக் காட்டாது.

மொழிபெயர்ப்பின் சிக்கல்

பன்னாட்டுக் கருவிகளின் ஒப்பீட்டு வலிமை, எல்லா மொழிகளிலும் ஒரே கேள்வி கேட்கப்படுகிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தமிழில் அந்த நம்பிக்கை சில இடங்களில் தடுமாறுகிறது. பேச்சுத் தமிழில் 'முடியல' என்பது ஆற்றலின்மையை மட்டும் குறிப்பதில்லை. 'அப்பாவுக்கு முடியல' என்றால் காய்ச்சலாகவும் இருக்கலாம், மரணப் படுக்கையாகவும் இருக்கலாம். 'போக முடியாது' என்பது கால் வராததையும் சொல்லும், வீட்டில் விடமாட்டார்கள் என்பதையும் சொல்லும். 'கஷ்டம்' என்ற சொல் உடற்சிரமத்துக்கும் பணமுடைக்கும் பொதுவானது. 'நடக்கிறதில் கஷ்டம் உண்டா' என்று கேட்கப்படும் பெண், 'யாருக்குத்தான் கஷ்டம் இல்லை' என்று விடையளித்தால் அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது? உடல் வலியைச் சொல்லி முறையிடுவது பொறுமையின்மை எனக் கருதும் ஒருவர், மிகுந்த சிரமத்தையும் 'ஏதோ ஓடுது' என்ற சொல்லில் முடித்துவிடுவார்.

இதனுடன் பதிலாள் சிக்கலும் சேர்கிறது. கணக்கெடுப்பில் பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவரே எல்லாருக்குமாக விடை சொல்கிறார். திருமணத்துக்குக் காத்திருக்கும் மகளின் காது மந்தத்தையோ வலிப்பையோ அவர் வாசலில் நின்று கேட்கும் கணக்கெடுப்பாளரிடம் சொல்வாரா என்பது, கேள்வி எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டது என்பதை மட்டும் பொறுத்ததன்று.

ஊர் வரையறையின் கொடுமைகள்

உலக அளவுகோல்களின் குறைகளைச் சுட்டுவதால் ஊர் வரையறை தானாகவே உயர்ந்ததாகிவிடாது. தொழிலால் மனிதரை அளக்கும் பார்வை, உழைக்க இயலாதவரைச் சுமையாகக் காணும் பார்வையாக எளிதில் திரிகிறது. அறிவுசார் குறைபாடுடைய ஒருவர் குடும்பத் தறியில் சிறு வேலைகள் செய்துவருவதால் 'அவனுக்கு ஒன்றும் இல்லை' என்று வீட்டார் சொல்லும்போது, அதில் அன்பும் இருக்கலாம். கூலியின்றி உழைப்பைப் பெறும் வசதியும் இருக்கலாம். சகுனம், முன்வினை போன்ற நம்பிக்கைகள் ஊனத்தை ஒழுக்கக் குறையாக மாற்றுகின்றன. உடலில் உள்ள உறுப்பையே பெயராக்கி அழைக்கும் வழக்கமும் ஊர் வழக்கில்தான் உள்ளது.

மனநோயில் இதன் விளைவு மிகக் கொடியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப வழியின்றி இறந்தனர். வழிபாட்டுத் தலத்தில் நோய் தீரும் என்ற ஊர் நம்பிக்கையின் நிழலில் வளர்ந்த காப்பகங்களில் அது ஒன்று. ஊர் வரையறைகளை மதிக்க வேண்டும் என்று வாதிடும் எந்த எழுத்தும் ஏர்வாடியைத் தாண்டிச் செல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு வெளிவந்த அதே ஆண்டில் அது நடந்தது.

சென்னையில் நடந்த ஒரு முயற்சி

பன்னாட்டுக் கருவியை அப்படியே ஏற்பதற்கும் அடியோடு மறுப்பதற்கும் நடுவே ஒரு வழி உண்டென்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உள்ளது. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தோற்றுவித்த ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், உலக சுகாதார நிறுவனத்தின் முந்தைய ஊன மதிப்பீட்டு அட்டவணையை இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்து 1988-இல் வெளியிட்டது. மருத்துவர் ஆர். தாராவும் உடன்பணியாற்றியோரும் இதைச் செய்தனர். பின்னர் 2002-இல் இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய இந்திய ஊன மதிப்பீட்டு அளவுகோல் அரசின் ஏற்பைப் பெற்றது. தன்பராமரிப்பு, பிறருடன் பழகுதல், தொடர்பாடலும் புரிதலும், வேலை ஆகிய நான்கு தளங்களில் மட்டும் அது மதிப்பிடுகிறது. நோய் நீடித்த காலத்துக்குத் தனி மதிப்பெண் தருகிறது. வேலை என்ற தளத்தில் சம்பள வேலை, வீட்டு வேலை, படிப்பு மூன்றையும் ஏற்கிறது. மனநோய் கண்ட இல்லத்தரசி 'வேலையில்லாதவர்' என்று விடுபட்டுப் போகாமல் இருப்பது இதனால்தான்.

இந்த அளவுகோலும் குறையற்றதன்று. மொத்த மதிப்பெண் 7 ஆனால் 40 விழுக்காடு. 6 என்றால் எதுவும் இல்லை. ஒரு மதிப்பெண்ணின் இருபுறமும் உள்ள இரு மனிதர்களின் வாழ்க்கை அவ்வளவு வேறுபடுவதில்லை. ஆயினும் உலகக் கருவியின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு உள்ளூர் வாழ்க்கையின் வேலைப் பிரிவினையை அதில் சேர்க்க முடியும் என்பதை இது காட்டிவிட்டது.

மதிப்பீடு

வாஷிங்டன் குழுவின் கேள்விகள் தறி நெசவாளரைத் தவறவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் அவை தனிமனிதருக்குச் சலுகை வழங்குவதற்காக எழுதப்பட்டவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்கு இணையாகப் படிக்கிறார்களா, வேலை பெறுகிறார்களா என்று நாடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே அவற்றின் நோக்கம். அந்நோக்கத்துக்கு அவை ஏற்றவை. 40 விழுக்காட்டுச் சான்றிதழும் முறைகேட்டைத் தடுக்கும் ஓர் எல்லைக்கோடாகப் பயன்படுகிறது. சிக்கல் தொடங்குவது, ஒரு நோக்கத்துக்காகச் செய்த அளவுகோலின் எண்ணை மற்றொரு நோக்கத்துக்கு எடுத்தாளும்போது. கணக்கெடுப்பில் 1.64 விழுக்காடுதான் என்பதால் சாய்தளம் அமைக்கத் தேவை குறைவு என்று வாதிடுவதும், சான்றிதழில் 35 விழுக்காடு என்பதால் ஒரு நெசவாளர் தொழிலை இழக்கவில்லை என்று முடிவு செய்வதும் இத்தகைய பிழைகளே.

எண்ணுவது, சான்றளிப்பது, உதவுவது ஆகிய மூன்றும் மூன்று வேலைகள். எண்ணுவதற்கு வாஷிங்டன் குழுவின் கேள்விகளை, கை பற்றிய கேள்வியையும் சேர்த்து, பேச்சுத் தமிழில் பல வட்டாரங்களில் சோதித்துப் பயன்படுத்தலாம். இரு கணக்கெடுப்புகளுக்கிடையே வரையறை மாறினால் மாற்றத்தைப் பட்டியலின் தலைப்பிலேயே அச்சிட வேண்டும். சான்றளிப்பதில் உறுப்பின் அளவோடு தொழிலின் தேவையையும் ஒரு கூறாகச் சேர்க்கலாம். வேலைத் தளத்தைச் சேர்த்த மனநல அளவுகோல் அதற்கு முன்மாதிரி. உதவுவதற்கோ எல்லா இடத்திலும் சான்றிதழ் வேண்டியதில்லை. வெள்ளெழுத்து கண்ட நெசவாளருக்குத் தேவை கிட்டப்பார்வைக் கண்ணாடியும் தறியின் மேல் நல்ல விளக்கும். அவற்றைப் பெற அவர் 40 விழுக்காடு குருடாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 21 வகை ஊனங்களை ஏற்கும் சட்டம் வந்த பின் நடைபெறும் முதல் கணக்கெடுப்பாகும். அதில் தமிழ்நாட்டின் எண் உயரலாம், தாழலாம். எதுவாயினும், எந்தக் கேள்விக்கு எந்தச் சொற்களில், வீட்டில் யாரிடம் பெற்ற விடை அது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.